பதக்கக் கனவு பெரிது; அளவெடுக்கத்தான் ஆளில்லை

விளையாட்டு உடை வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு: மூன்று அமைச்சகங்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம்

புது தில்லி: ஆண்கள் கிரிக்கெட் அணிக்காகத் தைக்கப்பட்ட சீருடைகளை வெட்டி, மறுபடியும் தைத்து, அவற்றை இந்திய மகளிர் அணியினருக்குக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இதை வெளியே சொன்னவர் எதிர்க்கட்சித் தலைவர் அல்லர். பாதிக்கப்பட்ட வீராங்கனையும் அல்லர். கிரிக்கெட் வாரியத்தை நிர்வகிக்க 2017-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் தலைவராக இருந்த வினோத் ராய்தான் சொன்னார். தலைமைக் கணக்குத் தணிக்கையாளராக இருந்தபோது 2ஜி அலைக்கற்றை அறிக்கையால் நாடாளுமன்றத்தையே உலுக்கியவர் அவர். இப்படி நடப்பது தமக்கு முதலில் தெரியவே தெரியாது என்றும், தெரிந்தவுடன் சீருடை வழங்கும் நிறுவனத்தை அழைத்து, பெண்களுக்கான வடிவமைப்பு வேறாக இருக்க வேண்டும் என்று கூற நேர்ந்தது என்றும் 2022-ஆம் ஆண்டு அளித்த பேட்டியில் அவர் குறிப்பிட்டார்.

அந்தப் பேட்டி வெளியான மூன்றே ஆண்டுகளில், 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில், ஹர்மன்பிரீத் கௌர் தலைமையிலான அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்கள் வித்தியாசத்தில் தோற்கடித்து உலகக் கோப்பையை வென்றது. உலகத்தையே வெல்லும் ஆற்றல் படைத்தவர்களுக்கு, அவர்களது உடம்புக்கு ஏற்ற சட்டையைத் தைத்துத் தர வேண்டும் என்பது சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒரு பொருட்டாகவே கருதப்படவில்லை.

இதை ஒரு வாரியத்தின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. விளையாட்டு உடை என்பது கொடியின் நிறத்தையும் விளம்பரதாரரின் பெயரையும் தாங்கும் அலங்காரம் என்றே இந்நாட்டில் நீண்ட காலமாகக் கருதப்பட்டு வருகிறது. அது மட்டையைப் போல, காலணியைப் போல ஒரு கருவி என்ற எண்ணம் வேரூன்றவில்லை. கருவி என்று கருதியிருந்தால், அதை ஆராய்ந்து உருவாக்கும் வல்லுநர்களை முதுநிலை அளவில் பயிற்றுவிக்கும் ஏற்பாடும் இந்நேரம் உருவாகியிருக்கும். மத்திய அரசின் சட்டங்களால் நிறுவப்பட்ட வடிவமைப்புக் கல்வி நிறுவனங்கள் வழங்கும் முதுநிலைப் பட்டங்களின் பெயர்களைப் புரட்டிப் பார்த்தால், விளையாட்டு உடை என்ற சொல் கண்ணில் படுவதில்லை.

2030-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு ஆமதாபாதுக்குக் கிடைத்துவிட்டது. 2036 ஒலிம்பிக் போட்டியை நடத்த விருப்பம் தெரிவித்து 2024 அக்டோபரிலேயே கடிதமும் அனுப்பப்பட்டுவிட்டது. மைதானங்களைப் பற்றியும் பயிற்சியாளர்களைப் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. வீரர்களின் உடம்போடு ஒட்டியிருக்கும் துணியைப் பற்றிய பேச்சு மட்டும் தொடங்கவில்லை.

நூறில் ஒரு பங்கும், நூறு கிராமும்

1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தவர் பி.டி. உஷா. 2022-ஆம் ஆண்டு மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும், இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகவும் ஆனவர் அவரே. விளையாட்டில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இந்நாட்டில் அரிது.

அந்தக் கோட்டைத் துணியால் நகர்த்த முடியும் என்பதை உலகம் 2008-இல் கண்டது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் ஆய்வுக்கூட உதவியுடன் ஸ்பீடோ நிறுவனம் உருவாக்கிய நீச்சல் உடை அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் களமிறங்கியது. ஊசித் தையலுக்குப் பதிலாக மீயொலியால் ஒட்டப்பட்ட இணைப்புகளும், நீரின் இழுவையைக் குறைக்கும் பாலியூரித்தேன் பட்டைகளும் அதில் இருந்தன. சாதனைகள் சரசரவென்று சரிந்தன. மறு ஆண்டு ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் முறியடிக்கப்பட்டன. நீந்துவது மனிதனா, உடையா என்ற கேள்வி எழுந்ததும், நெய்த துணியால் ஆகாத உடைகளுக்கு 2010 ஜனவரி முதல் சர்வதேச நீச்சல் சம்மேளனம் தடை விதித்தது. ஓர் உடையின் வடிவமைப்பு, ஒரு விளையாட்டின் சட்டப் புத்தகத்தையே திருத்தி எழுத வைத்தது.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் 2024 ஆகஸ்டில் வேறொரு வடிவில் வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவு மல்யுத்த இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்த வினேஷ் போகாட், இறுதி நாள் காலையில் 100 கிராம் எடை கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மக்களவையில் அன்றைய தினமே விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிக்கை வாசித்தார். எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன, மறுநாள் மாநிலங்களவையிலும் அமளி நீடித்தது.

அந்த அமளியில் பெரிதும் கவனிக்கப்படாமல் போன ஒரு செய்தி உண்டு. இரவு முழுவதும் எடையைக் குறைக்க நடந்த முயற்சிகளில், அவரது தலைமுடி வெட்டப்பட்டதோடு உடையின் நீளமும் குறைக்கப்பட்டதாக இந்தியக் குழுவின் தலைமை மருத்துவர் தெரிவித்தார். மல்யுத்தத்தில் போட்டி உடையுடன்தான் எடை பார்க்கப்படுகிறது. உடைக்கென்று ஒரு கிராம்கூடக் கழிவு தரப்படுவதில்லை. வினேஷின் இழப்புக்கு உடைதான் காரணம் என்று எவரும் கூற முடியாது. ஆனால், கடைசி மணி நேரத்தில் கத்தரிக்கோலால் குறைக்க முற்பட்ட அந்தத் துணியின் எடை, பல மாதங்களுக்கு முன்பே வடிவமைப்பாளரின் மேசையில் கணக்கிடப்பட்டிருக்க வேண்டிய ஒன்று என்பதை மறுக்க முடியாது.

என்ன படிக்க வேண்டும்?

விளையாட்டு உடை வடிவமைப்பு என்றால் படம் வரைவது, நிறம் தேர்ந்தெடுப்பது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. முதுநிலை அளவில் இந்தப் படிப்பு முற்றிலும் வேறு. உடலியங்கியல், இழை அறிவியல், பேட்டர்ன் வெட்டும் கலை, ஆய்வுக்கூடச் சோதனை, விளையாட்டு விதிகள் ஆகிய ஐந்தும் அதில் ஒன்று சேர வேண்டும்.

சாதாரணச் சட்டைக்கு நேராக நிற்கும் மனிதனை அளந்தால் போதும். விளையாட்டு வீரர் நேராக நிற்பதில்லை. சைக்கிள் வீரர் குனிந்தே இருக்கிறார். எனவே முதுகுப் பகுதி நீண்டும், வயிற்றுப் பகுதி குறுகியும் வெட்டப்பட வேண்டும். வேகப்பந்து வீச்சாளர் கையைத் தலைக்கு மேல் சுழற்றும்போது சட்டை முழுவதும் மேலே இழுபடாமல் இருக்க, அக்குளில் ஒரு சிறு கூடுதல் துண்டு சேர்க்கப்படுகிறது. நீண்ட தூர ஓட்டக்காரரின் தோலில் ஆயிரக்கணக்கான முறை உரசும் இடத்தில் தடித்த ஓவர்லாக் தையல் இருந்தால் புண் உண்டாகும். அங்கே தட்டையாக அமையும் ஃப்ளாட்லாக் தையல் வேண்டும். தையல் எங்கே வருகிறது என்பதே ஒரு முடிவு. அந்த முடிவுக்கு உடலியங்கியல் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வியர்வை. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத ஈரத்தை இயல்பாகவே பிடித்து வைத்துக்கொள்ளும்; பாலியெஸ்டரில் அது 0.4 சதவீதம் மட்டுமே. வீட்டில் இதமாக இருக்கும் பருத்தி பனியன், ஆடுகளத்தில் வியர்வையைக் குடித்துக் கனத்துப்போவது இதனால்தான். பாலியெஸ்டர் இழையின் குறுக்கு வெட்டு வடிவத்தை மாற்றி, இழைகளுக்கு இடையே நுண்ணிய வாய்க்கால்களை அமைத்தால், வியர்வை துணியின் வெளிப்புறத்துக்கு வந்து ஆவியாகும். 1958-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பான்டெக்ஸ் இழை எத்தனை சதவீதம் சேர்ந்தால் தசை தாங்கப்படும், எத்தனை சதவீதத்தைத் தாண்டினால் ரத்த ஓட்டம் தடைபடும் என்பதையெல்லாம் சோதித்தே அறிய வேண்டும்.

சோதனைக்கு வியர்க்கும் தகடு, வெப்பப் பொம்மை போன்ற கருவிகள் உள்ளன. இறுதியில் உயிருள்ள வீரரே அதை அணிந்து ஓடிப் பார்க்க வேண்டும். அவரது இதயத் துடிப்பு, தோலின் வெப்பம், அவரது சொந்தக் கருத்து ஆகிய மூன்றும் பதிவாக வேண்டும். இவ்வளவையும் இளநிலைப் படிப்பின் ஒரு பருவத்தில் கற்றுத் தர இயலாது. இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு தேவைப்படுவது இதற்காகத்தான்.

மூன்று வாசல்கள்

தில்லி ஹௌஸ் காஸ் பகுதியில் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் இயங்குகிறது. 1986-இல் தொடங்கப்பட்டு, 2006-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற இந்நிறுவனம் ஜவுளி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வடிவமைப்பு, ஃபேஷன் மேலாண்மை, ஃபேஷன் தொழில்நுட்பம் ஆகியவற்றில் இங்கு முதுநிலைப் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. விளையாட்டு உடையில் ஆர்வமுள்ள மாணவர், இந்தப் பொதுப் பட்டங்களில் ஒன்றில் சேர்ந்து, தமது ஆய்வுத் திட்டத்தின் பொருளாக அதைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும்.

அதே ஹௌஸ் காஸில், சிறிது தொலைவில், தில்லி ஐ.ஐ.டி. உள்ளது. அதன் ஜவுளி மற்றும் இழைப் பொறியியல் துறை, இழைகளின் இயல்பை அணு அணுவாக ஆராய்வது. அது கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வீரர்களுக்குப் பயிற்சி தரும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தலைமையகமும் இதே தலைநகரில்தான் உள்ளது. அது இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஓரிடத்தில் வடிவமைப்பாளர், இன்னோரிடத்தில் இழை வல்லுநர், மூன்றாவது இடத்தில் வீரர். ஒரு மாணவி மூன்று வாசல்களிலும் ஏறி இறங்கத் துணிந்தால்தான் ஒரு நல்ல ஆய்வேடு உருவாகும். அந்த மூன்று வாசல்களையும் ஒரே கூரையின் கீழ் இணைக்கும் பட்டப்படிப்பு இல்லை.

குஜராத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் கதையும் இதுவே. 1961-இல் ஆமதாபாதில் தொடங்கி, 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்த அது, ஆடை வடிவமைப்புக்கும் ஜவுளி வடிவமைப்புக்கும் தனித்தனி முதுநிலைப் படிப்புகளை நடத்துகிறது. பொம்மைகளையும் விளையாட்டுச் சாதனங்களையும் வடிவமைப்பதற்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பும் அங்கு உண்டு. குழந்தைகள் விளையாடும் பொருளுக்குக் கிடைத்த தனியிடம், நாட்டுக்காக விளையாடுவோர் அணியும் உடைக்குக் கிடைக்கவில்லை.

2018-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் மணிப்பூரில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவானது. காலணித் துறைக்கோ 2017-ஆம் ஆண்டே தனிச் சட்டம் இயற்றப்பட்டு, காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனம் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அது வர்த்தக அமைச்சகத்தின் பொறுப்பு. காலுக்கு ஒரு சட்டம், களத்துக்கு ஒரு சட்டம் என்று இயற்றிய நாடாளுமன்றம், இவற்றுக்கு நடுவே உள்ள உடம்பை மறந்துவிட்டது போலும்.

யாருடைய அளவு?

இந்தத் துறையில் படிப்பவர் எதிர்கொள்ளும் முதல் தடை, அளவு அட்டவணை. இந்தியாவில் விற்கப்படும் ஆயத்த ஆடைகளின் அளவுகள் பிற நாட்டு அட்டவணைகளைச் சற்றே மாற்றியமைத்தவை என்பதையும், வாங்கிய உடைகளில் 20 முதல் 40 சதவீதம் வரை திரும்பி வருவதற்கு உடம்பில் சரியாகப் பொருந்தாததே முக்கியக் காரணம் என்பதையும் ஜவுளி அமைச்சகமே 2018-இல் ஒப்புக்கொண்டது. 14 நாடுகள் தத்தம் மக்களை அளந்து முடித்திருந்த நேரம் அது.

அதன் பின்னரே 'இந்தியா சைஸ்' திட்டம் நிஃப்ட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை, 6 நகரங்களில், முப்பரிமாண உடல் வருடிக் கருவிகளால் அளப்பது அதன் நோக்கம். இந்தியாவுக்கென்று சொந்த அளவுகள் வரும் என்று ஜவுளித் துறை அமைச்சர் கிரிராஜ் சிங் 2024-இல் அறிவித்தார்.

இந்த முயற்சி பாராட்டுக்கு உரியது. ஆனால், இதுவும் விளையாட்டு உடைக்குப் பாதி வழிதான். கணக்கெடுப்பு பொதுமக்களைப் பற்றியது. பளு தூக்கும் வீராங்கனையின் தோளும், மாரத்தான் வீரரின் இடுப்பும், வில்வித்தை வீரரின் முதுகும் பொதுமக்களின் சராசரியில் அடங்கா. அந்த உடல்களைத் தனியே, அசைவில் அளந்தாக வேண்டும். அளக்கும் கருவியும் கருவியைக் கையாளத் தெரிந்தவர்களும் ஜவுளி அமைச்சகத்திடம் இருக்கிறார்கள். அளக்கப்பட வேண்டியவர்கள் விளையாட்டு அமைச்சகத்தின் பயிற்சி மையங்களில் இருக்கிறார்கள். ஒரு தலைமுறை முதுநிலை மாணவர்களுக்குப் போதுமான ஆய்வுப் பொருள் இந்த இடைவெளியில் கிடக்கிறது.

பெண்களைப் பொருத்தவரை இது பதக்கத்தோடு முடியும் பிரச்னை அல்ல. பள்ளி மைதானத்தில் பொருந்தாத, உள்ளே தெரிகிற, நனைந்தால் ஒட்டிக்கொள்கிற சீருடை, ஒரு சிறுமியை விளையாட்டிலிருந்தே விலகச் செய்துவிடும். பிரிட்டனில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகம் 2005 முதல் பெண்களின் விளையாட்டு உள்ளாடைகளை அறிவியல் முறையில் ஆராய்ந்து வருகிறது. இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணியினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொருத்தமான உள்ளாடையைப் பரிந்துரைத்தவர்கள் அந்த ஆய்வாளர்களே. அந்த அணி 2022-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. வெற்றிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் வெட்கத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு பொருள் அங்கே பல்கலைக்கழகப் பாடமாகியது என்பதுதான் இங்கு கவனிக்கத் தக்கது.

கபடிக்கு யார் தைப்பது?

ஓட்டத்துக்கும் கால்பந்துக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்யும். அதன் பலன் விலைக்குக் கிடைக்கும். கபடிக்கும் கோ-கோவுக்கும் அந்த ஆராய்ச்சியை வேறெவர் செய்வார்? முதலாவது கோ-கோ உலகக் கோப்பை 2025 ஜனவரியில் தில்லியில் நடந்தது. ஆண், பெண் இரு பிரிவுகளிலும் இந்தியாவே வென்றது. புரோ கபடி 2014 முதல் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோரைக் கவர்ந்து வருகிறது. மண்ணில் ஆடிய ஆட்டம் செயற்கை விரிப்புக்கு மாறியபோது, முழங்காலும் முழங்கையும் உரசித் தேயும் விதமே மாறிப்போனது. பாடிச் செல்பவரை நான்கு பேர் பிடித்து இழுக்கும்போது கிழியாமலும், அதே சமயம் எதிரியின் பிடிக்குள் சுருண்டு சிக்காமலும் இருக்க வேண்டிய சட்டை அது. உட்கார்ந்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்து பாயும் கோ-கோ வீராங்கனையின் கால்சட்டைக்கு வெளிநாட்டு முன்மாதிரி எதுவும் இல்லை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் எழுதப்படாவிட்டால், இந்த ஆய்வேடு உலகில் எங்குமே எழுதப்படாது.

மாற்றுத்திறன் வீரர்களின் நிலை இதைவிடக் கூர்மையானது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 29 பதக்கங்களை வென்றது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு அங்கு தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக் பதக்கத்தைப் பெற்றார். கைகள் இல்லாத காஷ்மீர் வீராங்கனை ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து, தோளில் பொருத்திய கருவியால் நாணை இழுத்து வெண்கலம் வென்றார். அவரது தோளுக்கு எந்த நாட்டு அட்டவணையிலும் அளவு இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுபவரின் கால்சட்டை பின்புறம் உயரமாகவும் முன்புறம் தாழ்வாகவும் வெட்டப்பட வேண்டும். உட்காரும் இடத்தில் ஒரு தடித்த தையல் இருந்தால், உணர்விழந்த தோலில் அது புண்ணாகும்வரை அவருக்கே தெரியாது. நின்று அணியும் உடையை அமர்ந்திருப்பவருக்குக் கொடுப்பது, ஆண்கள் சட்டையை வெட்டிப் பெண்களுக்குக் கொடுத்ததற்குச் சற்றும் குறைந்ததல்ல.

பருத்தி நாடும் பாலியெஸ்டர் களமும்

படித்து முடித்தவருக்கு வேலை எங்கே என்ற கேள்வி நியாயமானது. இந்திய ஜவுளித் தொழில் பருத்தியில் வளர்ந்தது. விளையாட்டு உடையோ செயற்கை இழைகளின் உலகம். இந்த இடைவெளியை மத்திய அரசு உணராமல் இல்லை. செயற்கை இழை ஆடைகளுக்கும் தொழில்நுட்ப ஜவுளிக்கும் 10,683 கோடி ரூபாயில் உற்பத்தி ஊக்கத் திட்டம் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆராய்ச்சியோடு கல்வியும் திறன் வளர்ப்பும் அதன் நோக்கங்களில் அடங்கும். தொழில்நுட்ப ஜவுளியின் 12 பிரிவுகளில் ஒன்றாக விளையாட்டு ஜவுளி ஏற்கெனவே இடம் பெற்றுள்ளது. அதற்கான சிறப்பு மையம், மகாராஷ்டிர மாநிலம் தாணேயில் உள்ள கம்பளி ஆராய்ச்சிச் சங்கத்தில் அமைக்கப்பட்டது.

ஆக, பணத்துக்கான தலைப்பும் இருக்கிறது. சோதனைக்கான இடமும் இருக்கிறது. தேசப் பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்தவர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் வளர்த்தெடுத்த விளையாட்டுப் பொருள் தொழில் இருக்கிறது. லூதியானாவிலும் திருப்பூரிலும் பின்னலாடைத் தொழில் இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் 1997-இலேயே பின்னலாடைக்கென்று தனிக் கல்லூரியைத் தொடங்கி முன்னோடியாக விளங்கினர். ஆனால், உலகின் பெரும் விளையாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பு முடிவுகள் அமெரிக்காவின் பீவர்ட்டனிலும் ஜெர்மனியின் ஹெர்சோகெனௌராக்கிலும்தான் எடுக்கப்படுகின்றன. அங்கு முடிவான சாம்பிளைப் பிசகாமல் தைத்துக் கொடுப்பது இங்கு நடக்கும் வேலை. தைப்பவருக்குக் கூலி கிடைக்கும். வடிவமைப்பவருக்கே உரிமை கிடைக்கும்.

பீவர்ட்டனுக்குப் பக்கத்தில் போர்ட்லண்டில்தான் ஓரிகன் பல்கலைக்கழகம் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பில் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டம் வழங்குகிறது என்பது தற்செயல் அல்ல. அந்தப் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளராக இருந்த பில் பவர்மனும் அவரிடம் ஓடிப் பழகிய மாணவர் ஃபில் நைட்டும் 1964-இல் தொடங்கிய சிறு வணிகமே பின்னாளில் நைக்கி ஆனது. மனைவியின் வாஃபிள் சுடும் தட்டில் ரப்பரை ஊற்றிப் புதிய காலணி அடிப்பாகத்தைச் சோதித்தவர் பவர்மன். ஓடுகளமும் பட்டறையும் வகுப்பறையும் அருகருகே இருந்ததால் விளைந்த பயன் அது. ஹௌஸ் காஸிலோ ஜலந்தரிலோ திருப்பூரிலோ அப்படி ஒன்று உருவாக முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

முத்திரையில் மட்டும் அக்கறை

விளையாட்டு உடை இந்திய அரசியலில் பேசப்படவே இல்லை என்றும் கூற முடியாது. 2021 ஜூனில், டோக்கியோ ஒலிம்பிக் தொடங்க ஒன்றரை மாதமே இருந்தபோது, சீன நிறுவனமான லி நிங்குடனான சீருடை ஒப்பந்தத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் கைவிட்டது. பொதுமக்களின் உணர்வை மதித்து எடுத்த முடிவு என்று விளக்கம் தரப்பட்டது. நிறுவன முத்திரை இல்லாத உடையில் இந்திய வீரர்கள் களமிறங்குவார்கள் என்றும் அறிவிக்கப்பட்டது. 2024-இல் பாரிஸ் தொடக்க விழாவில் இந்தியக் குழு அணிந்த சம்பிரதாய உடை அழகாக இல்லை என்று சமூக ஊடகங்களில் பெரும் விவாதம் நடந்தது.

முதல் சர்ச்சை முத்திரையைப் பற்றியது. இரண்டாவது அணிவகுப்பின் அழகைப் பற்றியது. போட்டியின்போது அணியும் உடை வீரருக்குப் பொருந்துகிறதா, வியர்வையை வெளியேற்றுகிறதா, விதிகளுக்கு உட்பட்டு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கையாவது மிச்சப்படுத்துகிறதா என்ற கேள்வி இரண்டிலும் முன்னுக்கு வரவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாதபோது கேள்வி எப்படி எழும்?

அவையின் முன் உள்ள வேலை

2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை புதிய தேசிய விளையாட்டுக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. 2001-ஆம் ஆண்டின் கொள்கைக்கு மாற்றாக வந்த அது, விளையாட்டுப் பொருள் உற்பத்தியை வலுப்படுத்துவதையும் விளையாட்டு அறிவியலை வளர்ப்பதையும் தன் குறிக்கோள்களாகக் கூறுகிறது. அடுத்த மாதமே தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானது. விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் இடம் உறுதி செய்யப்பட்டது. ஆண்கள் சட்டையை வெட்டித் தரும் முடிவை இனி அந்தக் குழுக்களில் யாரேனும் எடுத்தால், எதிர்த்துக் கேட்க ஒரு குரலாவது இருக்கும்.

குரல் எழுந்தால் மட்டும் போதாது. செய்து காட்ட ஆள் வேண்டும். அதற்குப் புதிய நிறுவனமோ புதிய கட்டடமோ தேவையில்லை. நிஃப்ட் சட்டமும் தேசிய வடிவமைப்பு நிறுவனச் சட்டமும் புதிய பாடப்பிரிவுகளைத் தொடங்க இடம் தருகின்றன. தொழில்நுட்ப ஜவுளிக்கு வகுத்த திட்டத்தில் கல்விக்கும் ஒரு பிரிவு இருந்தது. விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையங்களில் மாணவர்கள் தங்கி ஆய்வு செய்ய அனுமதிக்கும் ஓர் ஒப்பந்தமும், இழைச் சோதனைக்கு ஐ.ஐ.டி. ஆய்வுக்கூடங்களின் கதவைத் திறந்துவிடும் மற்றோர் ஒப்பந்தமும், மூன்று அமைச்சகங்களின் செயலர்கள் ஒரே மேசையில் அமரும் ஒரு பிற்பகலும் இருந்தால் போதும்.

நாளில் கணக்கிட்டால் 2030 அருகில்தான் இருக்கிறது. முதுநிலைப் படிப்புக்கு இரண்டு ஆண்டுகள். படித்து முடித்தவர் ஓர் உடையை உருவாக்கிச் சோதித்துச் சரிசெய்ய மேலும் ஓரிரு ஆண்டுகள். காலம் தாழ்த்தினால், ஆமதாபாதில் இந்தியக் கொடியை ஏந்தி அணிவகுக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் மற்றொரு தேசத்து உடம்புக்காக வரையப்பட்ட அளவிலேயே களமிறங்க நேரிடும்.